அன்றைய குறட்டை

இதயம் நின்றுபோய், ஆம்புலன்ஸ்காரர்கள் அதை மறுபடி ஓடவைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போன ஒருவர், முப்பதாவது நாளில் உயிரோடு இருக்கிறாரா என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வது, ஆம்புலன்ஸ் சேவையின் கணக்குப் பிரிவில் அவருடைய வேலை. அதனால் அலுவலகத்தில் அவருக்கு முப்பது என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பெயர் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

உயிரோடு இருக்கிறாரா என்று நேராகக் கேட்டுவிட முடியாது. இருப்பவர் வீட்டில் அது வயிற்றெரிச்சலைக் கிளப்பும்; இல்லாதவர் வீட்டில் கொடுமை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முப்பது, "எப்படி இருக்கார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் ஒரு அம்மாள், "சுவத்துல இருக்காரு" என்றாள். என்ன சொல்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த வாரமே கேள்வியை மாற்றினார். தான் யார், எங்கிருந்து பேசுகிறோம், எந்த நாள் நடந்ததைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். எதிர்ப்பக்கம் இருப்பவர் எப்படியும் அந்த மௌனத்தில் எதையாவது போட்டு நிரப்புவார். அப்படி வந்து விழுவதே சரியான பதில். காத்திருப்பதைத் தவிர இந்த வேலையில் பெரிய திறமை எதுவும் தேவைப்படவில்லை என்பது அவர் அபிப்பிராயம்.

ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் உண்டு. பழையபடி ஆகிவிட்டால் ஒன்று. இல்லாமல் போய்விட்டால் ஐந்து. நடுவில் இருக்கும் மூன்றும், ஒருவர் எவ்வளவு தூரம் பிறர் கையை நம்பியிருக்கிறார் என்பதைப் பொறுத்தவை. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பதில்கள் கேட்டவர் முப்பது; அவருக்குப் பிடித்த பதில் ஒன்றே ஒன்றுதான்: "குளிச்சிட்டிருக்காரு, வந்ததும் பேசச் சொல்றேன்." அந்த ஒரு சொல்லுக்குள் இதயம், மூளை, கை, கால், வெட்கம் எல்லாமே அடங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றும். ஆனாலும் மிச்சக் கேள்விகளைக் கேட்காமல் விட்டதில்லை.

அவர்கள் ஊரில் நூற்றுக்கு எட்டுப் பேர் பிழைத்தார்கள். பக்கத்து ஊரில் பன்னிரண்டு. மேலாளர் வயதில் சின்னவர். வரைபடத்தில் கோடு மேலே ஏறினால் முகம் மலரும், இறங்கினால் சாப்பாடு இறங்காது. வருடா வருடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்று.

"நாம என்ன சார் தப்பு பண்றோம்?"

"நாம தப்பு பண்ணல. அவங்க எண்ணுறது வேற மாதிரி."

அது உண்மைதான். யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்பதற்கு முப்பது ஒரு விதி எழுதியிருந்தார்: ஆம்புலன்ஸ் குழு போய்ச் சேரும்போது நாடி நின்றிருக்க வேண்டும். நாடி ஓடிக்கொண்டிருந்தால் ஆள் கணக்கில் இல்லை. இரக்கமில்லாத விதி என்று சிலர் சொன்னார்கள். அவர் அசையவில்லை. தலை சுற்றி உட்கார்ந்தவரையெல்லாம் ஜனங்கள் செத்துப் பிழைத்தார் என்கிறார்கள். பஸ்ஸில் கூட்டத்தில் மாட்டி இறங்கியவரும் அதையேதான் சொல்கிறார். இதையெல்லாம் சேர்த்துக்கொண்டால் ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று கணக்கு வந்துவிடும்.

விதியில் ஓட்டை இருப்பதும் அவருக்குத் தெரியும். நிஜமாகவே நின்ற இதயத்தைப் பக்கத்தில் இருந்த யாரோ குழு வருவதற்குள் ஓடவைத்துவிட்டால், அந்த மனிதர் செத்தவரிலும் சேர மாட்டார், பிழைத்தவரிலும் சேர மாட்டார். அவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். மேலாளர் ஒரு தடவை இதைச் சுட்டிக்காட்டியபோது, "ஓட்டை இல்லாட்டி அது வடிகட்டியே இல்லை சார்" என்றார் முப்பது. தான் சொன்னது தனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது. அவருக்கு எதுவும் சுலபத்தில் பிடித்துவிடாது.

அவர் மனைவிக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. தாள்கட்டை அடுக்கி, உள்ளங்கையை ஊன்றி, உடம்பின் முழு எடையையும் இறக்கி அழுத்துகிற வேலை. நெஞ்சை அமுக்கி உயிர் காப்பது எப்படி என்று ஆம்புலன்ஸ் துறை வகுப்பு நடத்தியபோது ஆள் குறைந்தது. தலை எண்ணிக்கைக்காக முப்பது அவளைக் கூட்டிப்போனார். அங்கே தரையில் கிடந்த ரப்பர் மனிதனை அவள் ஒரு பகல் முழுக்க அமுக்கினாள். சரியான ஆழத்துக்கு அமுக்கினால் ரப்பர் மனிதனுக்குள் டக்கென்று ஒரு சத்தம் வரும். அவளுக்கு முதல் அமுக்கிலேயே வந்தது. சொல்லிக்கொடுத்தவர், "போதும்மா, அவன் பாவம்" என்றார். வகுப்பு முடிந்ததும் கை பிய்ந்திருந்த அந்தப் பொம்மையை ஒட்டுப் போடுவதற்காக முப்பது வீட்டுக்கு எடுத்து வந்தார். ஒட்டியாகிவிட்டது. அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. பரண்மேல், பழைய மெத்தைக்குப் பக்கத்தில், ரப்பர் மனிதன் மல்லாந்து கிடந்தான்.

இவர்களுக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொடுத்த வீடு இரண்டு தெரு தள்ளி, நாலாவது மாடியில். சம்பந்தி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடங்களின் வயிற்றுக்குள் பாதி வாழ்க்கையைக் கழித்ததால் குரல் எப்போதும் ஒரு மாடி உயரத்துக்குப் போகும். சம்பந்தியம்மாவுக்கு அதுவும் ஒரு சௌகரியம். கணவர் எந்த அறையில் இருக்கிறார் என்று தேட வேண்டியதில்லை. ராத்திரிக் குறட்டையும் அதே உயரத்தில் இருக்கும் என்பது குடும்பத்தில் பழகிப்போன கேலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முப்பதும் மனைவியும் அங்கே போயிருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் கடைக்குப் போயிருந்தார்கள். சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்க் கட்டடத்தில் புதிதாகப் போட்ட லிஃப்டைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். "கதவு மூடுற சத்தத்தைக் கேட்டாலே தெரியும் சம்பந்தி, அதுல ஆள் ஏறக் கூடாது. அதுல போய்..." என்றவர் வாக்கியத்தை முடிக்காமல் நாற்காலியிலிருந்து சரிந்தார். நாற்காலியும் அவர்கூடவே சாய்ந்தது.

"ஏங்க," என்று சம்பந்தியம்மா தோளில் தட்டினாள். தரையில் கிடந்தவரிடமிருந்து கரகரவென்று ஒரு மூச்சு வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"தூங்கிட்டாரு. நேத்து ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தாரு," என்றாள்.

அந்தச் சத்தம் முப்பதுக்குத் தெரியும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர்களின் போன் பதிவுகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். இதயம் நின்றபின் உடம்பு தானாக இழுத்துப்பார்க்கும் மூச்சு அது. வீட்டில் இருப்பவர்கள் பாதிப் பேர் அதைக் குறட்டை என்றே போனில் சொல்வார்கள். ஆனால் அவர் கேட்டதெல்லாம் காதில் மாட்டிய கருவி வழியாக, எல்லாம் முடிந்து நாளான பிறகு. பக்கத்தில் நின்று கேட்பது இதுவே முதல் தடவை. அவர் செய்யத் தெரிந்ததைச் செய்தார்: போனை எடுத்து முகவரியைத் தெளிவாகச் சொன்னார்.

முப்பதின் மனைவி அதற்குள் முட்டி போட்டு அமுக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க? குறட்டை விடுற மனுஷனை எதுக்கு அமுக்குறீங்க? விடுங்க!" சம்பந்தியம்மா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

மனைவி திரும்பவில்லை. "ஏங்க, இவங்களைக் கொஞ்சம் பிடிங்க."

முப்பது ஒரு கையால் சம்பந்தியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த போனில் நாலாவது மாடி, இடது பக்கக் கதவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு முறியும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மனைவி நிறுத்தவில்லை. சம்பந்தியம்மா முப்பதின் கையைக் கடித்தாள். அவர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

கடைசியில் சம்பந்தி இருமினார். கண்ணைத் திறந்து, தன்மேல் கவிழ்ந்திருந்த உருவத்தைப் பார்த்து, "யாருய்யா மேல?" என்றார். லிஃப்ட் குழிக்குள் நின்று அவர் காலமெல்லாம் கேட்ட கேள்வி அது.

மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆம்புலன்ஸ் குழு வந்தபோது சம்பந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு விட்டால் வலிக்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குழுவின் மூத்தவர் மணிக்கட்டைத் தொட்டுப்பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முப்பது சார்! நீங்க எங்க இங்க?"

"என் சம்பந்தி."

"நாடி நல்லா இருக்கே. என்ன ஆச்சு?"

முப்பது பேசுவதற்குள் சம்பந்தியம்மா முந்திக்கொண்டாள். "மயக்கம் போட்டாரு. நல்லா குறட்டை விட்டு மூச்சு விட்டுட்டுதான் இருந்தாரு. இவங்க ஏறி உக்காந்து நெஞ்சை உடைச்சுட்டாங்க."

"நின்னுடுச்சு," என்றார் முப்பது. "என் மனைவிதான் ஓட வெச்சா."

மூத்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மரியாதையாகச் சொன்னார்: "இருக்கலாம் சார். ஆனா நாங்க வரும்போது நாடி இருக்கு. மயக்கம்னுதான் போடணும். நீங்க எழுதின ரூல்தானே சார்."

மயக்கம், விலா எலும்பு முறிவு என்று போட்டு அழைத்துப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் சம்பந்தியின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிச் சாயங்காலம் வரை பார்த்தார்கள். கோடு ஒழுங்காக ஓடியது. சம்பந்தியைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது. பேசிட்டிருக்கும்போது கரண்ட் போச்சு, வந்துச்சு. நடுவுல எவ்வளவு நேரம்னு லிஃப்டுக்குள்ள இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். டாக்டரம்மா சம்பந்தியம்மாவைக் கேட்டாள். விழுந்தபோது மூச்சு இருந்ததா? இருந்தது, குறட்டை விட்டார். அப்படியானால் மயக்கம்தான். நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், விலா தானாகக் கூடிவிடும்.

இரண்டு குடும்பங்களும் வார்டு வராந்தாவில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. மகள் நடுவில் நின்றாள்.

"அம்மா, அத்தைகிட்ட ஒரு சாரி சொல்லிடேன். அதோட முடிஞ்சு போகும்."

"எதுக்கு?"

"மூணு எலும்பு உடைஞ்சிருக்கும்மா."

"உடைச்சதுக்குச் சொல்றேன். எழுப்புனதுக்குச் சொல்ல மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணாத்தானே நடந்துச்சு!"

"அதான் சொல்ல மாட்டேங்கறேன்."

எதிர் பெஞ்சிலிருந்து சம்பந்தியம்மா யாரையும் பார்க்காமல் பேசினாள். "அச்சாபீசுல காகிதத்தை அமுக்குற மாதிரி மனுஷனை அமுக்குனா உடையாம என்ன பண்ணும்? அவரு சிரிச்சா வலிக்குது, தும்முனா உயிர் போகுதுங்கறாரு."

"போன உயிர்தான்," என்றாள் முப்பதின் மனைவி, அவளும் யாரையும் பார்க்காமல்.

மகள் அழ ஆரம்பித்தாள். முப்பது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

மறுநாள் காலை அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு அவர் மேஜைக்கு வந்தது. இயந்திரம் விதிப்படி சலித்துக் கொடுத்திருந்தது. அன்றைக்கு ஊரில் இதயம் நின்றவர்கள் மூன்று பேர். சம்பந்தி அதில் இல்லை. இருக்க மாட்டார் என்று தெரிந்தேதான் பார்த்தார். இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்தார்.

பிறகு காதில் கருவியை மாட்டிக்கொண்டு அன்றைய அழைப்பின் பதிவைப் போட்டார். தன் குரலைக் கேட்டார். இவ்வளவு அமைதியான குரலில் பேசியிருக்கிறோமே என்று கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. அதற்குப் பின்னால் சம்பந்தியம்மாவின் கத்தல். அதற்கும் பின்னால், அடிக்கிணற்றில் தகரம் உரசுவதுபோல, அந்த மூச்சு. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் வரவில்லை. மனைவியின் கை இறங்குவது மட்டும் கேட்டது. சந்தேகப்பட எதுவும் இல்லை. அந்த இதயம் நின்றிருந்தது. ஏன் நின்றது என்று யாரும் தேடாமல் நாளைக்கு வீட்டுக்கு அனுப்பினால் மறுபடியும் நிற்கும். அடுத்த தடவை பக்கத்தில் பைண்டிங் செய்கிறவள் இருக்க மாட்டாள். தட்டிப்பார்த்துவிட்டுத் தூங்குகிறார் என்று சொல்கிறவள்தான் இருப்பாள்.

மேலாளரிடம் போனார். பதிவை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க முடியுமா?

"எழுதிக் கேக்கணும் சார். அவங்க கேட்டு, சட்டப் பிரிவு பார்த்து, ஒரு வாரம் பத்து நாள் ஆகும். உங்களுக்குத் தெரியாததா?" என்றார் மேலாளர். பிறகு ஆவலாக, "ஏன் சார், அவரைக் கணக்குல சேர்த்துக்கலாமா? முழுசா பிழைச்சவர். மதிப்பெண் ஒண்ணு. நமக்கு நல்லதுதானே?"

"சேர்க்க முடியாது."

"நீங்களே நின்னு பார்த்தீங்களே!"

"அதனாலதான்," என்றார் முப்பது.

மதியம் டாக்டரம்மாவைப் பார்த்தார். கண்ணில் தூக்கம் தெரிந்தாலும் அவள் பொறுமையாகவே கேட்டாள்.

"நீங்க சொல்றதை நான் பாதி நம்புறேன் ஐயா. நீங்க எலும்பை உடைச்சவங்களோட வீட்டுக்காரர், இல்லையா?"

"ஆமா."

"அதான் பாதி. பாதியை வெச்சு ஒரு படுக்கையை நிறுத்தி வைக்க முடியாது. வெளிய நடையில ஆள் படுத்திருக்காங்க, பார்த்திருப்பீங்க. விழுந்ததும் முதல்ல பார்த்தவங்க அவர் மனைவி. அவங்க மூச்சு இருந்துச்சுங்கறாங்க. அவங்க வேற மாதிரி சொன்னா நான் அவரை அனுப்ப மாட்டேன். ஒயரோடயே வெச்சுப் பார்ப்பேன்."

அந்தப் பேச்சில் தவறு எதுவும் இருப்பதாக முப்பதுக்குத் தோன்றவில்லை. சாட்சி சொல்லாத ஒன்றை அவரும் கணக்கில் எடுத்ததில்லை.

சம்பந்தியம்மாவைத் தேடி வார்டுக்குப் போனார். அவள் அவரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கூப்பிட்டார். திரும்பவில்லை. கையில் பல் பட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது. அதை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நேரில் பேசுவது தன் தொழில் இல்லை என்று அவருக்கு உறைத்தது. அலுவலகத்துக்குத் திரும்பினார். சாயங்காலம் அவள் துணி எடுக்க வீட்டுக்கு வருவாள் என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்து, தன் மேஜையில் இருந்த போனிலிருந்து அழைத்தார்.

"வணக்கம். ஆம்புலன்ஸ் சேவை, கணக்குப் பிரிவிலிருந்து பேசுறேன். ஞாயித்துக்கிழமை காலையில உங்க வீட்டுல நடந்ததைப் பத்திச் சில கேள்வி கேக்கணும்."

அந்தப் பக்கம் பீரோக் கதவு மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணே, நீங்கதானே?"

"ஆமா சம்பந்தியம்மா. ஆனா ஆபீசுலேருந்து பேசுறேன்."

"அதுல என்ன வித்தியாசம்?"

"நான் எல்லா வீட்டுலயும் கேக்கறதைத்தான் கேப்பேன். நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன். நானா எதுவும் சேர்க்க மாட்டேன்."

அவள் போனை வைத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார். வைக்கவில்லை. "கேளுங்க," என்றாள்.

"விழுந்தப்ப பக்கத்துல யார் இருந்தாங்க?"

"நான் இருந்தேன். நீங்களும்தான் இருந்தீங்க. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

"பதில் சொன்னாரா?"

"இல்லை."

"ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"குறட்டை விட்டாரு. நூறு தடவை சொல்லிட்டேன்."

"அந்தக் குறட்டை அவரு எப்பவும் விடுற குறட்டை மாதிரி இருந்துச்சா?"

இந்தக் கேள்வியும் எல்லா வீட்டிலும் கேட்பதுதான். கேட்டுவிட்டு முப்பது வாயை மூடிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண், நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த யாருக்கோ போனில் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கீழே முற்றத்தில் வண்டி கழுவினார்கள். போனில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அவர் காத்திருந்தார். சொந்தக்காரர் என்பதால் இது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை. எல்லா வீட்டுக்கும் இருக்கும் கஷ்டம்தான் இருந்தது.

"கல்யாணம் ஆன நாளிலேருந்து கேக்கறேன் அண்ணே அந்தக் குறட்டையை," என்றாள் கடைசியில். "தோள்ல ரெண்டு தட்டு தட்டுனா நிறுத்திட்டுத் திரும்பிப் படுப்பாரு. தூக்கத்துலயே. ஒரு நாள்கூட தப்புனது இல்லை."

முப்பது எழுதிக்கொண்டார்.

"அன்னைக்கும் தட்டுனேன். ரெண்டு தட்டு. அப்புறம் இன்னும் ரெண்டு. திரும்பலை."

"ம்."

"அது அவரு குறட்டை இல்லை. வேற யாரோ அவருக்குள்ள இருந்து விடுற மாதிரி இருந்துச்சு." குரல் உடைந்தது. உடனே கோபம் வந்து அதை ஒட்டவைத்தது. "மயக்கம்னா மயக்கத்தோட போச்சு. நிம்மதியா இருக்கலாம். இப்ப என் வாயாலயே செத்துட்டாருன்னு சொல்லச் சொல்றீங்களா? சொன்னா அப்புறம் நான் எப்படித் தூங்குவேன்? ஆஸ்பத்திரியிலயே நாற்காலியில உக்காந்து நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்த்துட்டிருக்கேன், தெரியுமா உங்களுக்கு?"

அவருக்கு அது தெரியாது. எலும்புக்காகத்தான் சண்டை போடுகிறாள் என்று நினைத்திருந்தார். இவ்வளவு வீடுகளில் கேட்டும், மயக்கம் என்ற சொல்லை ஒருத்தி இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கக் கூடும் என்று அவர் யோசித்ததில்லை.

"மயக்கம்னா நாளைக்கு அனுப்பிடுவாங்க," என்றார். "அப்புறம் ராத்திரி பூரா நீங்க ஒருத்தர்தான் பார்த்துட்டிருக்கணும். நின்னுச்சுன்னு சொன்னா அங்கயே வெச்சு மெஷின் பார்க்கும். ஏன் நின்னுச்சுன்னு தேடுவாங்க."

இதை அவர் வேறு எந்த வீட்டிலும் சொன்னதில்லை. நானாக எதுவும் சேர்க்க மாட்டேன் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

"டாக்டரம்மாகிட்ட என்ன சொல்லணும்?"

"என்கிட்ட சொன்னீங்களே, அந்த ரெண்டு தட்டு. அது போதும்."

அவள் போனை வைத்தாள். சொல்வாளா மாட்டாளா என்று முப்பதுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவர் இன்னும் நாலு வீட்டுக்கு அழைத்தார். அதில் ஒருவர் உயிரோடு இருந்தார்.

சம்பந்தியம்மா சொல்லிவிட்டாள். சம்பந்தியை அனுப்பவில்லை. இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மயக்கம்தானோ என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார். மாமியார் வீட்டார் தேவையில்லாமல் இழுத்தடிப்பதாக அவர் முகம் சொன்னது. மூன்றாம் நாள் பகலில், சம்பந்தி நர்ஸிடம் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, திரையில் கோடு படுத்துவிட்டது. நர்ஸ் ஓடி வருவதற்குள் தானாகவே எழுந்தும் விட்டது. இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகும் உத்தரவு நடுவழியில் அறுந்துபோகிறது என்று டாக்டரம்மா விளக்கினாள். சம்பந்திக்கு உடனே விளங்கிவிட்டது. "பட்டனை அமுக்குறான், லிஃப்டுக்குத் தகவல் போகலை. ஒயர் கோளாறு. இதுக்கா இவ்வளவு நாளு?" என்றார். அந்த வாரமே தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

எந்தக் குடும்பமும் எந்தக் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. சம்பந்தியம்மா முப்பதின் கையில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, "மருந்து போட்டீங்களா?" என்று கேட்டாள். அவர், "ஆறிடுச்சு" என்றார். அதோடு சரி.

முப்பதாம் நாள் வந்தது. சம்பந்தி பட்டியலில் இல்லாததால் அழைக்க வேண்டிய அவசியமில்லை. முப்பது மற்ற வீடுகளையெல்லாம் முடித்துக்கொண்டு, கடைசியாக அந்த எண்ணையும் அழைத்தார்.

"வணக்கம், ஆம்புலன்ஸ் சேவை, கணக்குப் பிரிவு..."

"அண்ணே, அவரு குளிச்சிட்டிருக்காரு," என்றாள் சம்பந்தியம்மா. "கத்துறது கேக்குதா? தண்ணி சுடலையாம். வந்ததும் பேசச் சொல்லவா?"

"வேணாம். சும்மாதான் கேட்டேன்."

விதிப்படி மிச்சக் கேள்விகள் இருந்தன. முதல் தடவையாக அவற்றை விட்டுவிட்டார்.

"வைக்காதீங்க," என்றாள் அவள். குரல் தணிந்தது. "பொட்டி வெச்சுட்டாங்க, சரி. அதுவும் மெஷின்தானே. மெஷினை நம்பக் கூடாதுன்னு இவரே சொல்வாரு. நான் கேக்கறேன்னு சொல்லாதீங்க. அந்த அமுக்கற வித்தையை உங்க வீட்டம்மா எனக்குச் சொல்லித் தருவாங்களா?"

அந்த வருடக் கணக்கில் அவர் ஒரு புதிய பத்தி சேர்த்தார்: குழு வருமுன் பிழைத்தவர்கள், தனியாக. நூற்றுக்கு எட்டோடு அதைக் கூட்டவில்லை. மேலாளருக்கு வருத்தம்தான். எட்டு எட்டாகவே இருந்தது.

அந்தப் போனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரப்பர் மனிதனைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, கூடத்தில் மல்லாக்கப் போட்டார்கள். சம்பந்தி சோபாவில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். சம்பந்தியம்மா முட்டி போட்டு, இரண்டு கையையும் அதன் நெஞ்சில் வைத்து, மாவு பிசையப் போகிறவள்போல மெல்ல அமுக்கினாள். சத்தம் வரவில்லை.

"இன்னும்," என்றாள் முப்பதின் மனைவி.

"உடைஞ்சிடுமே."

"உடையட்டும்."

சம்பந்தியம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அவளும் பார்த்தாள். பிறகு முப்பதின் மனைவி பக்கத்தில் முட்டி போட்டு, அவள் கைமேல் தன் கையை வைத்து, உடம்பின் எடையை இறக்கினாள்.

டக்கென்று சத்தம் கேட்டது. சோபாவில் இருந்த சம்பந்தி தன் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாம்மா," என்றார்.